ஆட்டம் தெரியாத கை

பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி ஒரு பெண். உள்ளே சின்னம்மா கட்டிக் கொடுத்த கட்டாக் கருவாடு, இரண்டு பொலித்தீன் பைக்கும் ஒரு துவாய்க்கும் அடங்காமல் மணத்துக்கொண்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு மன்னாரை விட்டவன். குவைத், சைப்பிரஸ், பாரிஸ் என்று எத்தனையோ வாசல்களில் இப்படிப் பெட்டியோடு நின்றிருக்கிறேன். ஒழுங்கான கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகும் சீருடையைக் கண்டால் கேட்க முன்னமே அதை நீட்டிவிடுகிறேன். அவள் ஒரு தடவை மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ கேட்டாள். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் நான் பொறுக்கிய பிரெஞ்சு அங்கே செல்லவில்லை. இது வேகமாக, மூக்கால் பேசுகிற வேறு பிரெஞ்சு. “மீன். காய்ந்தது. அக்காவுக்கு” என்றேன். போ என்று கையைக் காட்டினாள்.

மொன்றியலுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. பாரிஸில் இருக்கும் சின்னம்மாவுக்கு மகள் ஜெசிந்தா அக்காவின் குரலில் சந்தேகம். தொலைபேசியில் முன்போல் கதைக்கிறாளில்லை, எதையோ மறைக்கிறாள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். நான் வேலை செய்த உணவகத்தைத் திருத்த வேலைக்காக மூடியிருந்தார்கள். சும்மா இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். புறப்பட்டுவிட்டேன்.

ரொக்ஸ்பரோவில் அக்காவின் வீடு. வரிசை வீடுகள், வாசலில் பனி அள்ளுகிற மண்வெட்டி, ஆளரவம் இல்லாத தெரு. பாரிஸில் நள்ளிரவிலும் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே பகலிலேயே காது அடைக்கிற அமைதி. அக்கா வீட்டில் இருந்தபடி உடுப்புத் திருத்தித் தைக்கிறாள். அத்தான் மரியதாஸ், கோட்-டெ-நெய்ஜில் ஒரு வைத்தியசாலையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. பிள்ளைகள் இல்லை.

முதல் நாள் சாப்பாட்டிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அக்கா சோற்றுப் பானையைத் தூக்கப் போனால் அத்தான் பறித்தார். கரண்டி கீழே விழுந்தது. அவள் குனிய முன்னே அவர் குனிந்தார். கருவாட்டைப் பொரிக்கும்போது அவளுக்குத் தும்மல் வந்தது. அத்தான் எழுந்து நின்றுவிட்டார். ஒரு தும்மலுக்கு இவ்வளவு பயந்த முகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.

அடுத்த நாள் அத்தானுக்குப் பிற்பகலில்தான் வேலை. அதற்கு முன்னர் நகரத்தைக் காட்டுகிறேன் என்று ரயிலில் கூட்டிப்போனார். நகர நடுவில் ஒரு மலை. ரயில் அந்த மலையின் வயிற்றுக்குள்ளால் போகும். நாங்கள் போன அன்று வயிற்றுக்குள் நின்றுவிட்டது. விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் யாரோ மன்னிப்புக் கேட்டார். எதிரே இருந்த கிழவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தலைக்கு மேலே இருக்கிற மலையின் பாரம் தோளில் இறங்குவது போலிருந்தது. பக்கத்தில் அத்தான், இருட்டுக்காகவே காத்திருந்தவர்போல, சொல்லத் தொடங்கினார்.

அக்காவின் தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதியிருக்கிறது. தலையிடி என்று போனபோது படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். அது வெடித்தால் ஆள் தப்புவது அரிது. வெடிக்காமல் ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கவும் கூடும். மண்டையைத் திறந்து ஒரு சின்னக் கிளிப்பால் அதைக் கவ்வி விடலாம். திறக்கிறபோதே ஏதாவது பிசகவும் கூடும். வரும் திங்கட்கிழமைக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும்.

டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“அவர் எங்களிட்டத் தாறார், தம்பி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்காம். நீங்கள்தான் முடிவெடுக்க வேணுமாம். ஊரில எண்டால் டொக்டர் வெட்டு எண்டால் வெட்டுறது, விடு எண்டால் விடுறது. இஞ்ச படிச்ச மனுசன் என்னைப் பார்த்துக் கேக்கிறான், உன்ர விருப்பம் என்ன எண்டு. நான் கட்டில் தள்ளுறவன்.”

அக்கா என்ன சொல்கிறாள் என்றேன். கேட்கவில்லை என்றார். ரயில் அசைந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் பனிக்கால மேல்கோட்டின் கழுத்தை உயர்த்திக்கொண்டார். அதன்பிறகு கட்டடங்களையும் ஆற்றையும் காட்டினார். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

பிற்பகலில் அவரோடு வைத்தியசாலைக்குப் போனேன். கட்டில் தள்ளுகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் ஓய்வறை. பழைய தொலைக்காட்சி, சூப் மணம், சுவரெல்லாம் கோட்டுகள். அங்கே நாட்டாமை ரெனே என்கிற ஹெயிட்டிக்காரர். அவருடைய உறவெல்லாம் அமெரிக்காவில். அங்கிருந்து அவருக்குத் தொற்றிய நோய் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து. கால் பந்து என்று பெயர், ஆடுவதெல்லாம் கையால். தலைக்கவசம் போட்ட பெடியன்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து எழும்புவதை அரை மணித்தியாலம் பார்த்தேன். பந்து எங்கே என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அத்தான் தமிழில் சொல்லச் சொல்ல, ரெனே விளக்கிய ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது. கல்லூரிகள் நூறுக்கு மேலே. எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. ஆகவே பருவம் முடிந்ததும் சிலர் வாக்குப் போடுவார்கள், சில கணினிகள் கணக்குப் போடும். அந்த வரிசையில் முதல் இரண்டாக வருகிற அணிகள்தான் தேசியக் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டத்துக்குப் போகும். “ஆடி வெல்ல வேண்டியதை ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லித் தீர்க்கிறார்கள்” என்று ரெனே சிரித்தார். அறிவிப்பு அந்த ஞாயிறு மாலை.

அந்த அறையில் பந்தயம் காசுக்கு அல்ல. இரண்டு அணிகளையும் சரியாகச் சொல்கிறவர் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கால லீவை முதலில் தெரிவு செய்யலாம். மற்றவர்கள் அவருடைய வேலை முறைகளைப் பங்கிட்டுச் செய்ய வேண்டும். அத்தான் ஒரு வருடமும் வென்றதில்லை. இந்த முறை அவருக்கு அந்த லீவு வேண்டும். ஏன் என்று ரெனே தவிர யாருக்கும் தெரியாது.

அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே தெறிகள். பொத்தான் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரருக்கு விளங்கும். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து, இன்னும் வாய்ப்புள்ள ஆறு அணிகளின் நிறத்துக்கு ஏற்றபடி பொறுக்கிய ஆறு தெறிகள்.

எங்கள் பங்குக் கோயிலில் திருவுளச்சீட்டு என்று ஒன்று உண்டு. திருநாளுக்குப் புனிதரின் சுரூபத்தைத் தூக்குவது யார் என்று இரண்டு தெருவுக்குச் சண்டை வந்தால், அந்தோனியார் முன்னால் பெயர் எழுதிப் போட்டு, ஒன்றும் அறியாத குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பார்கள். எடுக்கிறவருக்கு விருப்பு வெறுப்பு இருக்கக்கூடாது, அதுதான் விதி. அத்தான் வீட்டில் குழந்தை இல்லை. அந்த அறையில் எல்லோருக்கும் ஆட்டம் தெரியும்.

“இவனுக்கு ஒண்டுமே தெரியாது” என்று என்னைப் பெருமையோடு அறிமுகப்படுத்தினார். ரெனே என் முகத்தை உற்றுப் பார்த்து, நம்புகிறேன் என்றார்.

பைக்குள் கையை விட்டேன். ஒரு பச்சை வந்தது, பிறகு ஒரு கருஞ்சிவப்பு. அறை முழுவதும் சிரித்தது. இரண்டும் ஏற்கெனவே தோற்று, வரிசையில் கீழே கிடக்கிற அணிகளாம். மேலே நிற்கிற இரண்டும் ஒரே நாளில் சறுக்கினால்தான் இவர்களுக்கு வழி. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. “திருவுளம்” என்று சொல்லி, பச்சையையும் கருஞ்சிவப்பையும் தன் பெயருக்கு எழுதச் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் அக்கா என்னை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனாள். பேருந்தில் எதிர்ப்பக்கம் போகிறதில் ஏறிவிட்டோம். சாரதி எங்கள் இருவரையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இறங்க வேண்டாம், கடைசித் தரிப்பில் திரும்பி இதே வழியால் வருவேன் என்றார். அரை நகரத்தை ஓசியில் பார்த்தோம்.

சந்தையில் குளிருக்குச் சுவர் அடைத்திருந்தார்கள். பூசணிக்காய்கள் மலையாகக் கிடந்தன. மாம்பழம் ஒன்று, தொடக்கூட மனம் வராத அலங்காரத்தில். ஒரு கடைக்காரி அப்பிளை நறுக்கி எங்கள் கையில் வைத்து, வாங்காவிட்டால் பரவாயில்லை, குளிரில் நிற்கிறீர்கள் என்றாள். அக்கா அந்தத் துண்டைக் கடித்தபடி அவளாகவே சொன்னாள்.

“அத்தான் உனக்குச் சொல்லியிருப்பார்.”

ஓம் என்றேன்.

“எனக்குச் சாகப் பயமில்லை தம்பி. பாதி ஆளாத் திரும்பி வந்தாத்தான் பயம். ஊசியில நூல் கோக்க ஏலாமப் போனா நான் என்னத்தைச் செய்யிறது? ஆனா இப்பிடி இருக்கவும் ஏலாது. அந்த மனுசன் நித்திரை கொள்ளுறேல்லை. நான் மூச்சு விடுறனோ எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறார். நான் நித்திரை மாதிரிக் கிடக்கிறன், அவருக்காக.”

அப்படியானால் அவரிடம் சொல்லுங்களேன் என்றேன். வாய் திறந்தால் அவர் அழுகிறார், அவர் அழுதால் தனக்குத் தலையிடிக்கிறது என்றாள். பிறகு கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினாள். அன்று பின்னேரம் சின்னம்மா பாரிஸிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “அக்கா நல்லா இருக்கிறா, கொஞ்சம் மெலிஞ்சிருக்கிறா” என்றேன்.

வியாழன் மாலை, அத்தான் வேலையால் வந்து கோட்டைக் கழற்றவில்லை. கோட்டோடேயே வரவேற்பறையில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். அதே துணிப்பையை எடுத்தார். எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் அத்தான் என்றேன்.

“நாங்கள் எடுத்தா எங்கட பயம் எடுக்கும். உன்ர கை எடுக்கட்டும்” என்றார்.

அக்கா தையல் பெட்டியைத் திறந்து, மேசையில் இரண்டு தெறி வைத்தாள். சின்ன வெள்ளை, சட்டைத் தெறி; வந்தால் ஒப்பரேஷன். பெரிய கறுப்பு, கோட்டுத் தெறி, வந்தால் இல்லை. அத்தான் அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு சுரூபத்தின் பக்கம் திரும்பி நின்றார். செபம் சொல்லி முடித்து, தெறிகளைப் பைக்குள் போட்டு, என்னிடம் நீட்டினார்.

கடலில் சின்ன வள்ளத்தில் இருட்டில் போயிருக்கிறேன். எல்லைக் காட்டில் நாய் குரைக்கக் கேட்டபடி படுத்திருக்கிறேன். அந்த நேரங்களில் பயந்தது எனக்காக. இது வேறு. மற்றவர் உயிர் உள்ளே கிடக்கிற பைக்குள் கை போகமாட்டேன் என்றது. அத்தான் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டார்.

ஒன்றைத் தொட்டேன். பெரியது. மற்றதைத் தேடினேன். அதுவும் பெரியது.

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் உருட்டினேன். ஒரே அளவு, ஒரே விளிம்பு. ஒன்றில் நூல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை. கண் மட்டும் கெஞ்சியது. அவருடைய கோட்டில் மூன்றாவது தெறி இருந்த இடத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

எதை எடுத்தாலும் கறுப்பு. எடுத்தால் அக்கா ஒப்பரேஷன் வேண்டாம் என்று சொல்வாள்; பிறகு ஒருநாள் சமையலறையில் தும்முவாள். எடுக்காமல் உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை அவள் ஒப்பரேஷன் மேசையில் கிடப்பாள். அங்கே ஏதாவது நடந்தால் அது என் வாயால் நடந்தது.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

“அக்கா, நீங்களே எடுங்கோ” என்றேன்.

விதி அதல்லவே என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பையை வாங்கினாள், கையை விட்டாள். வாழ்நாள் முழுக்கத் தெறி தைத்த விரல். அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவளும் வெறுங்கையைத்தான் வெளியே எடுத்தாள்.

பிறகு அவள் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து, விளக்கடிக்குப் போய், கறுப்பு நூல் கோத்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்தக் கோட்டைக் கழட்டித் தாங்கோ. ஒரு தெறி இல்லை.”

அத்தான் கழற்றிக் கொடுத்தார். தன்னிடம் இருந்த வெள்ளைத் தெறியை மேசையில் வைத்தார். அக்கா பைக்குள்ளிருந்து நூல் ஒட்டிய கறுப்பை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். ஒரு இழை, இரண்டு இழை. தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“அந்தோனியாரையே பேய்க்காட்டி ஏமாத்தப் பாத்திருக்கிறீர். நாளைக்கு நான் ஹொஸ்பிற்றலுக்குப் போன் எடுத்து ஓம் எண்டு சொல்லப்போறன். நீர் அழலாம். அழுதிட்டு என்னோட வாரும்.”

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஓம் சொன்னாள். ஞாயிறு பிற்பகல் அவளை வார்டில் சேர்த்தோம். தலைமயிரின் ஒரு பக்கத்தை வழிப்பார்கள் என்று தாதி சொன்னபோது, மற்றப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கமாக இருந்தால் தையல் பிழைத்த சட்டை மாதிரி இருக்கும் என்றாள். தாதி சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை.

மாலை கீழ்த்தள அறையில் ரெனே எங்களைக் கண்டதும் எழுந்து வந்து அத்தானைத் தூக்கியே விட்டார். சனிக்கிழமை நடக்காதது நடந்திருந்தது. வரிசையில் மேலே நின்ற இரண்டு அணிகளும் ஒரே நாளில் தோற்றிருந்தன. தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டிய நாலு பேர் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெயர்கள் திரையில் வந்துவிட்டன. பச்சை. கருஞ்சிவப்பு. அறையில் எல்லோரும் வந்து என் வலது கையைக் குலுக்கினார்கள். ஒருவர் அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அத்தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. லீவு கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்றேன்.

“இப்பிடிச் சரியா வந்திருக்கக் கூடாது தம்பி” என்றார். “எங்களுக்கு எண்டு இருந்த அதிர்ஷ்டத்தை முழுக்க அந்தோனியார் இதிலயே தந்திட்டாரோ தெரியேல்லை. லீவு கிடைச்சிட்டுது. எதுக்கு லீவு எண்டுதான் பயமாக் கிடக்கு. அவளைப் பாக்கவோ, இல்லாட்டி…”

அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதுவரை வெறும் கையாக இருந்ததை அன்று கோட்டுப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

திங்கள் காலை கதவைத் திறந்தால் தெருவே இல்லை. பனிப்புயல். மன்னாரில் மழைக்கு முன் காற்று எச்சரிக்கும். இது சத்தமில்லாமல் வந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. ரயில் தாமதம் என்றார்கள், பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். வந்த ஒன்றில் தொங்கிக்கொண்டு போனோம். பேருந்து ஒன்று ஏற்றத்தில் வழுக்கிக் குறுக்கே நின்றது. இறங்கி நடந்தோம். அத்தான் இரண்டு தரம் விழுந்தார். எங்களுக்கே இப்படி என்றால் வெட்டுகிற டொக்டர் எப்படி வந்திருப்பார், வந்தவருக்குக் கை விறைத்திருக்காதா என்று நடந்த வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அவளை உள்ளே கொண்டுபோக முன் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய மன்றாட்டு.

நேரம் கடந்துதான் போய்ச் சேர்ந்தோம். ஆனால் மூன்றாம் மாடி மின்தூக்கி வாசலில் அக்காவின் கட்டில் நின்றது. பிடித்துக்கொண்டு நின்றவர் ரெனே. சொந்தக்காரரை அவரவரே தள்ளுவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். அத்தானுக்காக அவர் கேட்டு வாங்கிய முறை அது. கட்டில் உருளுகிற சில்லு ஒன்று இறுகிவிட்டதாம், சரிசெய்துகொண்டிருந்தாராம். சில்லில் ஒரு பழுதும் இல்லை.

அக்காவின் மொட்டைத் தலையில் நீலத் தொப்பி. அவள் அத்தானை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“கோட்டெல்லாம் பனி. உதறும், தடிமன் பிடிக்கும்.”

மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கிற அறையில் கோப்பியும், உருளைக்கிழங்குப் பொரியலில் குழம்பு ஊற்றிய ஒன்றும் வாங்கி வந்தேன். இந்த ஊரார் அதை உயிராகச் சாப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது ஆறி உறைந்தது. அத்தான் ஒப்பரேஷன் பகுதிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கதவைப் பற்றித் தான் கற்றது ஒன்றுதான் என்றார். நல்ல செய்தி என்றால் டொக்டர் தனியே வருவார். கெட்ட செய்தி என்றால் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார், தாங்கிப் பிடிக்க.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கதவு அசையும்போதெல்லாம் நான் ஆட்களை எண்ணினேன். துப்புரவுக்காரி ஒருத்தி. தாதி ஒருத்தி. மறுபடி துப்புரவுக்காரி. யன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் டொக்டர். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

அத்தான் எழும்பினார். எழும்பியவர் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவர் கை என் கையைப் பிடித்தது; என் வலது கையை. இந்தக் கைதான் என்று எனக்குள் ஓடியது. டொக்டர் நடந்து வருகிற தூரம் முடிவதாக இல்லை.

பின்னால் வந்தவர் ரெனே. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உள்ளே நின்றிருக்கிறார். செய்தியைத் தானும் வந்து சொல்ல வேண்டும் என்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். கட்டில் தள்ளுகிறவர் அல்லவா, அந்தக் கதவின் சட்டம் அவருக்கும் தெரியும். எங்கள் முகத்தைக் கண்ட பிறகுதான் தான் செய்த வேலை உறைத்தது. டொக்டரைத் தள்ளிவிட்டுக்கொண்டு முன்னால் ஓடிவந்தார். “இல்லை, இல்லை, நான் சும்மா வந்தேன். நல்லது, நல்லது” என்று கத்தினார். அந்த மூக்குப் பிரெஞ்சு அன்று எனக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது.

கவ்வியாகிவிட்டது, ஆனால் பேச்சும் கையும் எப்படி என்று விழித்த பிறகுதான் தெரியும் என்றார் டொக்டர். ஆகவே அந்த இரவையும் பயந்துதான் கழித்தோம்.

அடுத்த நாள் எனக்கு விமானம். பெட்டியோடு வைத்தியசாலைக்குப் போனேன். வழியில் ரெனே மறித்தார். பச்சையா, கருஞ்சிவப்பா, கிண்ணம் யாருக்கு, ஒரே ஒரு தெறி எடுத்துத் தந்துவிட்டுப் போ என்றார். இனி மாட்டேன் என்றேன். எனக்கு இப்போது ஆட்டம் தெரியும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அக்கா கண் விழித்திருந்தாள். தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் வீங்கியிருந்தது. எங்களை அடையாளம் கண்டாளா என்று தெரியவில்லை. பேசவில்லை. அத்தான் கட்டிலோரம் குனிந்து நின்றார், கோட்டோடு, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு.

போர்வைக்குள்ளிருந்து அவளுடைய வலது கை மெல்ல வெளியே வந்தது. கோட்டின் மேல் தெறியைத் தொட்டது. இரண்டாவதுக்கு இறங்கியது. மூன்றாவதில் நின்றது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அதைப் பிடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக.

கழன்று வரவில்லை.